மேல்மாடத்தின் சாட்சியம்: பாஸ்டன் தேவாலயம் ஒன்றின் பதிவேடுகளும் நம் வழக்குகளும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சேலம் தெருவில், செங்கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. கிறிஸ்து ஆலயம் என்பது அதன் பெயர். உலகம் அதை ‘ஓல்டு நார்த் சர்ச்’ என்றே அறியும். 1723இல் எழுந்த அக்கட்டடமே அந்நகரில் இன்றும் எஞ்சியுள்ள தேவாலயங்களில் மிகப் பழையது. 1775 ஏப்ரல் 18 இரவு, பிரித்தானியப் படை நீர்வழியே புறப்படுகிறது என்பதை அறிவிக்க அதன் கோபுரத்தில் இரண்டு விளக்குகள் காட்டப்பட்டன. மறுநாள் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. பின்னர் லாங்ஃபெல்லோ எழுதிய கவிதையால் அவ்விரு விளக்குகளும் ஒவ்வொரு பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த கதையாயின. 1975இல், அந்த இரவின் 200ஆம் ஆண்டில், அன்றைய குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு அங்கு வந்து மூன்றாவது விளக்கை ஏற்றினார்.

2026 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு. எந்த வரலாற்றைச் சொல்வது, எதை விடுவது என்ற பூசல் அந்நாட்டில் மீண்டும் முற்றியிருக்கிறது. கூட்டரசின் அருங்காட்சியகங்களும் நினைவிடங்களும் நாட்டின் பெருமையைக் குறைக்கும் வகையில் வரலாற்றைச் சொல்லலாகாது என்ற போக்கிலான நிர்வாக ஆணையொன்றை 2025 மார்ச்சில் டிரம்ப் பிறப்பித்தார். இச்சூழலில்தான் இந்தத் தேவாலயத்தின் இன்னொரு வரலாற்றை நாம் எடுத்துப் பார்க்கிறோம். கோபுரத்தில் ஏறிய விளக்குகளின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே கட்டடத்தின் மேல்மாடத்தில் ஏற்றி உட்கார வைக்கப்பட்ட மனிதர்களின் கதை அண்மைக்காலம் வரை சொல்லப்படவில்லை. அதைச் சொல்ல உதவியவை அத்தேவாலயத்தின் பழைய பதிவேடுகள். தலித் கிறிஸ்தவர்களின் உரிமை வழக்குகளில் நம்மிடம் இல்லை என்று நீதிமன்றம் சொன்னதும் அத்தகைய ஆவணங்களைத்தாம்.

பணம் எங்கிருந்து வந்தது

1720களில் பாஸ்டன் சுமார் 12,000 பேர் வாழ்ந்த துறைமுகம். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து வந்த பியூரிட்டன்கள் நிறுவிய ஊர் அது. ஆங்கிலிக்கன்களுக்கு அங்கே கிங்ஸ் சாப்பல் என்ற ஒரே ஆலயம் இருந்தது. அதில் இடம் போதாமற்போகவே, 1722இல் வணிகர்களிடமும் கப்பல் தலைவர்களிடமும் நன்கொடை திரட்டி இரண்டாம் ஆலயத்தைத் தொடங்கினர். 1723 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் முதல் ஆராதனை நடந்தது.

முதல் போதகர் திமோத்தி கட்லர். அவர் அதற்குமுன் கனெக்டிகட்டில் இருந்த யேல் கல்லூரியின் தலைவர்; 1722இல் ஆங்கிலிக்கன் கொள்கைக்கு மாறியதால் அப்பதவியை இழந்தவர். அக்கல்லூரி யாருடைய பெயரைத் தாங்குகிறது என்பது சென்னைவாசிகளாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தில் பதிவான முதல் திருமணம் அவருடையது. அவரது ஆட்சிக்காலத்தில்தான் சென்னையிலிருந்து புறப்படும் ஐரோப்பியக் கப்பல் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து அடிமைகளையேனும் செயின்ட் ஹெலீனா தீவுக்கு ஏற்றிச் செல்ல வேண்டுமென்று கோட்டை நிர்வாகம் ஆணையிட்டது. அவர் அனுப்பிய துணிப்பொதிகளையும் நூல்களையும் பெற்ற கல்லூரி 1718இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் அப்பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

கட்லருக்கு ஊதிய உதவி அளித்தது, 1701இல் அரச சாசனம் பெற்று லண்டனில் உருவான நற்செய்திப் பரப்புதல் சங்கம். எஸ்.பி.ஜி. என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் அறிந்த அதே சங்கம்தான். இதற்குப் பின்னர் திரும்பி வருவோம்.

கோபுரத்தின் கதையும் இத்தகையதே. 1727இல் ஹோண்டுராஸ் விரிகுடா வணிகர்கள் லாக்வுட் என்னும் சாயமரத்தை இந்த ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தனர். ஐரோப்பியத் துணி ஆலைகளில் சாயமேற்றப் பயன்பட்ட விலையுயர்ந்த மரம் அது. இன்றைய பெலீஸ் நாட்டின் சதுப்புக் காடுகளில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பைக் கொண்டு வெட்டப்பட்டது. அம்மரத்தை விற்ற பணம் கோபுரத்துக்குப் பயன்பட்டது. கைம்மாறாக அவ்வணிகர்களுக்கென ஆலயத்தினுள் சிறப்பான இருக்கை ஒன்று ஒதுக்கப்பட்டது. 1740இல் கோபுரம் எழும்பியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் விடுதலையின் விளக்குகள் ஏற்றப்பட்ட இடம் அதுவே. கோபுரம் பின்னாளில் இருமுறை புயலில் வீழ்ந்து மீண்டும் கட்டப்பட்டது; அதற்குப் பணம் தந்த முதல் கணக்கு மட்டும் பதிவேட்டில் அப்படியே இருந்தது.

இருக்கை என்னும் சொத்து

அக்காலத் தேவாலயத்தில் நாம் இன்று காணும் நீள பெஞ்சுகள் இல்லை. தோளுயரப் பலகைச் சுவரும் கதவும் கொண்ட சிறு சிறு அறைகளாக இருக்கைகள் அமைந்திருந்தன. ஒவ்வோர் அறையும் விலைக்கு விற்கப்பட்டது. பீடத்துக்கும் நடைபாதைக்கும் எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு விலை. வாங்கிய குடும்பம் கடுங்குளிரில் கணப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, கதவை அடைத்துக்கொண்டு, தன் அறையில் அமர்ந்து ஜெபித்தது. சபை நிர்வாகத்திலும் அவர்களுக்கே செல்வாக்கு. சுருங்கச் சொன்னால், ஆலயத்தின் தரைத்தளம் ஒரு சொத்துப் பதிவேடு.

விலைகொடுக்க இயலாதவர்கள் படியேறி மேல்மாடத்துக்குச் சென்றனர். ஏழைகளும் தொழில் பழகும் சிறுவர்களும் அங்கே அமர்ந்தனர். அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவரும், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும், பூர்வகுடிகளும் அங்கேதான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாஸ்டன் மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களிற் பெரும்பாலோர் அடிமைகள். வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு வழங்கிய முதல் குடியேற்றம் மாசசூசெட்ஸ், ஆண்டு 1641. தெற்கே பருத்தித் தோட்டங்களில் மட்டுமே அடிமைகள் இருந்தனர் என்ற பொதுப் புரிதலை இந்த ஒரு செய்தியே தகர்க்கிறது.

மேல்மாடத்தில் இருந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களின் பெயர்கள் ஆலயத்தின் பதிவேட்டில் உள்ளன. கீழே கதவடைத்த அறையில் இருந்தவர்கள் ஜெபித்த அதே கடவுளையே அவர்களும் அதே நேரத்தில் அதே கூரையின் கீழ் தொழுதனர். நம் ஊர்த் தேவாலயங்களின் பக்கவாட்டுச் சிறகுகளையும் தனி வாசல்களையும் அறிந்த எவருக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

ஞானஸ்நானம் விடுதலை தருமா?

இங்கே ஒரு சட்டக் கேள்வி எழுந்தது. ஒரு கிறிஸ்தவன் இன்னொரு கிறிஸ்தவனை அடிமையாக வைத்திருக்கலாமா? ஞானஸ்நானம் பெற்றால் அடிமை விடுதலையாவானா? இந்த அச்சத்தாலேயே பல உடைமையாளர்கள் தம் அடிமைகள் ஆலயத்துக்கு வருவதைத் தடுத்தனர்.

விடை விரைவாகவே வந்தது. வர்ஜீனியா சட்டமன்றம் 1667இலேயே, ஞானஸ்நானம் ஒருவரின் அடிமை நிலையை மாற்றாது என்று சட்டம் இயற்றியது. பாஸ்டனின் புகழ்பெற்ற பியூரிட்டன் போதகர் காட்டன் மேதர் 1706இல் வெளியிட்ட சிறுநூலில் அதே கருத்தை வலியுறுத்தி உடைமையாளர்களுக்குத் தைரியம் சொன்னார். 1727இல் லண்டன் பேராயர் எட்மண்ட் கிப்சன், குடியேற்ற நாடுகளின் எசமானர்களுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவ மார்க்கம் குடிமை உடைமைகளில் எந்த மாற்றத்தையும் செய்யாது என்று உறுதியளித்தார். 1729இல் இங்கிலாந்தின் அரசுத் தலைமை வழக்குரைஞர் யார்க்கும் அவருக்கு அடுத்தவரான டால்பட்டும் கூட்டாகத் தந்த கருத்துரை, ஞானஸ்நானத்தால் அடிமைக்கு விடுதலை கிட்டாது என்று சொல்லி முடித்தது. அது தீர்ப்பன்று; ஆயினும் பல பத்தாண்டுகள் சட்டமாகவே கையாளப்பட்டது.

ஆக, ஆன்மாவுக்கு மீட்பு, உடலுக்கு விலங்கு. ஞானஸ்நானம் ஒருவரின் சமூக நிலையை மாற்றாது என்பது அன்றைய சட்டம். அந்தச் சட்டத்தால் பயனடைந்தவர் யார் என்று கேட்டால், கீழ்த்தளத்தில் இருக்கை வாங்கியவர்கள் என்பதே விடை.

நிலத்துக்கு அடியிலும்

ஆலயத்தின் கீழே நிலவறைக் கல்லறைகள் உள்ளன. 1732 முதல் 1860 வரை, 37 கல்லறைகளில் சுமார் 1,100 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். வசதியுள்ள சபையாரின் குடும்பக் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. சில நிமிட நடைதூரத்தில் காப்ஸ் ஹில் என்னும் இடுகாடு. 1659இல் தொடங்கியது அது. அதன் ஸ்னோஹில் தெருப் பக்கத்தில், அடிமைகளும் விடுதலை பெற்றவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் புதைக்கப்பட்டுள்ளனர். அவர்களிற் பெரும்பாலோருக்கு ஒரு கல்லும் இல்லை.

கல்லுள்ள சிலரில் ஒருவர் பிரின்ஸ் ஹால். கறுப்பினத்தவரின் முதல் மேசோனிய அமைப்பை நிறுவியவர். 1777இல், விடுதலைப் பிரகடனத்தின் மை காய்ந்த அடுத்த ஆண்டே, அவரும் தோழர்களும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் அளித்தனர். பிரிட்டனுக்கு எதிராக நீங்கள் கோரும் அதே இயற்கை உரிமை எங்களுக்கும் உண்டு என்பதே அதன் சாரம். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஆனால் 1780இல் அம்மாநில அரசமைப்பு எல்லோரும் சுதந்திரராகவும் சமமானவராகவும் பிறந்தவர்கள் என்று சொன்னபோது, அச்சொற்களை எடுத்துக்கொண்டு அடிமைகள் நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1781இல் எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண் வென்றார். குவாக் வாக்கர் தொடர்பான வழக்கில் 1783இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அரசமைப்பும் அடிமை முறையும் ஒருங்கே இருக்க முடியாது என்று நடுவர்க்கு எடுத்துரைத்தார். 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமையும் பதிவாகவில்லை. அரசமைப்பின் ஒரு வரியை அதன் சொல்லுக்கு உண்மையாகப் படிக்கும்படி நீதிமன்றத்தை வற்புறுத்தியவர்கள் அடிமைப்பட்டவர்களே. சட்டம் பயிலும் மாணவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

விடுதலைக்குப் பின்னும் மேல்மாடம் ஒழியவில்லை. போருக்குப் பின் அமெரிக்க ஆங்கிலிக்கன்கள் 1789இல் எபிஸ்கோபல் திருச்சபையாகத் தம்மை அமைத்துக்கொண்டனர். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில், ஜெபத்தில் முழந்தாளிட்டிருந்த கறுப்பினச் சபையாரை இடம்விட்டு எழுப்பியபோது, அவர்கள் ஒன்றாக வெளியேறினர். அவர்களில் ஒருவரான அப்சலோம் ஜோன்ஸ், 1794இல் எபிஸ்கோபல் திருச்சபைக்குள் கறுப்பினத்தவரின் ஆலயத்தை நிறுவி, அத்திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானார். ஆயினும் மறைமாவட்டப் பேரவையில் அச்சபைக்கு வாக்குரிமை 1860கள் வரை வழங்கப்படவில்லை. உள்ளே வரலாம், முடிவெடுக்கும் மேசைக்கு வரலாகாது என்ற ஏற்பாடு நமக்கும் புதிதன்று.

சாக்லேட் கடையின் பெயர்

இனி அண்மைக்கால நிகழ்வுக்கு வருவோம். 2013இல் இந்த ஆலய வளாகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு சாக்லேட் கடை திறக்கப்பட்டது. காலனிய முறையில் சாக்லேட் செய்து காட்டும் கடை. அதற்கு 18ஆம் நூற்றாண்டுச் சபை உறுப்பினர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது. அவர் கேப்டன் நியூவார்க் ஜாக்சன், கப்பல் தலைவர், ஆலயத்தில் சொந்த இருக்கை உடையவர். அவர் கோகோ வணிகம் செய்தவர் என்பது அன்று தெரிந்திருந்தது.

அவரைப் பற்றி மேலும் அறியும் பணியில் வரலாற்றாய்வாளர் ஜாரெட் ஹார்டெஸ்டி ஈடுபட்டார். ஆவணங்கள் காட்டிய மனிதர் வேறு. 1743இல் சுரினாம் கடற்கரைக்கு அருகே ‘ரைசிங் சன்’ என்ற தம் கப்பலில் மாலுமிகளின் கலகத்தில் ஜாக்சன் கொல்லப்பட்டார். அக்கப்பல் கோகோவோடு மனிதர்களையும் கடத்தி விற்ற கப்பல். சுங்கத்தை ஏய்த்து நடந்த அந்த வணிகத்தில் அதே சபையின் வேறு சிலருக்கும் பங்கு இருந்தது. ஹார்டெஸ்டியின் நூல் 2021இல் வெளிவந்தது.

ஆலயத்தின் வரலாற்றுப் பணியைக் கவனிக்கும் அறக்கட்டளை இதை மறைக்கவில்லை. கடையிலிருந்து ஜாக்சனின் பெயர் அகற்றப்பட்டது. கறுப்பின, பூர்வகுடிச் சபையாரின் வரலாற்றைத் தேட ஆய்வாளர் அமர்த்தப்பட்டார். ஞானஸ்நானப் பதிவேடுகள் புதிய கண்ணோடு வாசிக்கப்பட்டன. விளக்குகளின் கதையோடு சாயமரத்தின் கதையும் மேல்மாடத்தின் கதையும் இன்று வருகையாளர்களுக்குச் சொல்லப்படுகின்றன.

பெயர்ப்பலகை மாறியதாலேயே நீதி கிட்டிவிட்டது என்று நாம் கருதவில்லை. மனசாட்சியையும் நுழைவுச் சீட்டோடு சேர்த்து விற்கச் சுற்றுலா வணிகம் கற்றுக்கொள்ளும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்தவர்கள் அவர்களே. 1912இல் அந்த ஆலயத்தின் உட்சுவர்களில் வெள்ளை வண்ணம் பூசினர். 1730 வாக்கில் தீட்டப்பட்ட தேவதூதர் முகங்கள் அதன் அடியில் மறைந்தன. அண்மையில் அப்பூச்சைச் சுரண்டி எடுத்து அவற்றை மீட்டிருக்கின்றனர். பதிவேடுகளில் பூசப்பட்ட வெள்ளையையும் அதே கைகள் சுரண்டின என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

அதே சங்கம், நம் ஊர்

பாஸ்டனில் கட்லருக்கு உதவிய எஸ்.பி.ஜி., 1710 முதல் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்களுக்கு உரிமையாளர். உயில் வழியே வந்த சொத்து. அங்கிருந்த நூற்றுக்கணக்கான அடிமைகளும் அதனுடன் வந்தனர். தொடக்க ஆண்டுகளில் அவர்களின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற சொல்லைச் சுட்டுப் பதித்தனர். பிரித்தானியப் பேரரசு அடிமை முறையை ஒழித்தபோது இழப்பீடு பெற்றது சங்கம். சுமார் 8,800 பவுண்டு. அடிமைகளுக்கு ஒரு பென்னியும் இல்லை. 2006இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை இதற்கு மன்னிப்புக் கேட்டது. 2023இல் அச்சங்கத்தின் இன்றைய வடிவமான யு.எஸ்.பி.ஜி., அத்தோட்டத்து மக்களின் வழித்தோன்றல்களுக்கென 70 லட்சம் பவுண்டு மதிப்பிலான ஈடுசெய்யும் திட்டத்தை அறிவித்தது.

1820களின் நடுவில், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலிப் பகுதிகளின் பழைய மிஷன் சபைகள் இந்தச் சங்கத்தின் பொறுப்பில் வந்தன. அவற்றுள் பழைய சபைகளிலும் ஓர் இருக்கை வரைபடம் ஏற்கெனவே இருந்தது. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளில் 18ஆம் நூற்றாண்டு முதலே வெள்ளாளக் கிறிஸ்தவரும் பறையர் கிறிஸ்தவரும் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணையும் முன்பின்னாகவே வழங்கப்பட்டது. 1820களின் இறுதியில் புதிய மிஷனரிகள் இதை மாற்ற முனைந்தபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற மதிப்புமிக்க ஆளுமைகளே எதிர்த்து எழுதினர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட வேண்டுமென்று ஆணை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர் பலர் சபையைவிட்டே வெளியேறினர்.

ஒரு வேறுபாட்டையும் இங்கே குறிக்க வேண்டும். பாஸ்டனில் இருக்கையைப் பணம் பிரித்தது, நிறம் அதற்குத் துணை நின்றது. தமிழ்நாட்டில் பிறப்பே பிரித்தது. பணமுள்ள தலித்தும் படியேறியே ஆக வேண்டும். எனவே இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தாம் கறுப்பின மக்களின் பிரச்சினையைக் கற்றவர் என்று கூறி இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஒப்புமையைக் கற்பதற்கே நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எஸ்.பி.ஜி. வழிவந்த சபைகள் அதனுள் இணைந்தன. ஆணைகள் வந்தன, சபைகள் இணைந்தன. சாதி மட்டும் கிறிஸ்தவத்தின் எந்தப் பிரிவையும் விட்டுச் செல்லவில்லை. கத்தோலிக்கத் தரப்பில், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே எழுந்த சுவரை நாம் அறிவோம். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கிறிஸ்தவர்களின் சமவுரிமைக் கோரிக்கையை ஒட்டி மோதல் வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டதையும் அறிவோம்.

தலைகீழான சட்டம், அதே பயனாளி

இப்போது 1729இன் கருத்துரையை 1950இன் ஆணையோடு வைத்துப் பார்ப்போம். அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950இன் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதில் இடம் தரப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அன்றைய சட்டம், ஞானஸ்நானம் எதையும் மாற்றாது என்று சொல்லி அடிமையை அடிமையாகவே வைத்தது. இன்றைய சட்டம், ஞானஸ்நானம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லி ஒடுக்கப்பட்டவரின் பாதுகாப்பை அகற்றுகிறது. கூற்றுகள் நேரெதிரானவை. பயனாளி மட்டும் ஒருவரே: கீழ்த்தளத்தில் இருக்கை உடையவர். தேவாலயத்தில் ஒருவரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினாலும், அவர் கிறிஸ்தவர் என்பதாலேயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவு அடைபடுகிறது.

1985இன் சூசை வழக்கை மாணவர்கள் மீண்டும் படிக்க வேண்டும். சாலையோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு பெட்டிக்கடைகளை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டது என்று ஒரு தொழிலாளி உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்து சமூகத்தில் இருந்த அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான நம்பத்தகுந்த ஆவணச் சான்று எதுவும் எம்முன் வைக்கப்படவில்லை. மனு தள்ளுபடியானது.

ஆவணச் சான்று இல்லை! இருநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எனப் பதிவேடுகளை எழுதிவந்த ஒரு சமூகத்தில் சான்று இல்லையாம். பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதிக்கெனத் தனிப் பத்தியே உண்டு. கல்லறையின் எந்தப் பகுதியில் யார் என்பது அடக்கப் பதிவேட்டில் தெரியும். யார் எத்தனை ஆண்டு சபை நிர்வாகத்தில் இருந்தார் என்பது குறிப்பேட்டில் தெரியும். சான்று இருக்கிறது. அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. கல்லறைப் பாகுபாடு குறித்து நாம் நடத்திய ஒரு வழக்கில், பதிவேட்டைத் தாக்கல் செய்யும்படி கேட்டபோது கிடைத்த விடை, அது ‘மிகவும் சிதைந்துவிட்டது’ என்பதே. அதே பதிவேட்டிலிருந்து எடுத்த சான்றிதழை, வேறொரு சொத்து வழக்குக்காக, அதே அலுவலகம் அதற்கு முந்தைய ஆண்டில் வழங்கியிருந்தது.

செய்ய வேண்டியவை

1950 ஆணை மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கும்போது மதம் பார்க்கவில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரே மதத்தைச் சேர்ந்த பிறருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 4ஆம் பிரிவு இடுகாட்டைப் பயன்படுத்தத் தடை விதிப்பதைத் தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று இப்பிரிவுகள் கேட்கவில்லை. ஆனால் 12ஆம் பிரிவு தரும் அனுமானம் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே உரியது. தலித் கிறிஸ்தவர் தீண்டாமையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். அதனால்தான் பதிவேடு நமக்கு உயிர்.

சபைகளிடமும் மறைமாவட்டங்களிடமும் நாம் கேட்பவை மூன்று. பழைய பதிவேடுகளை மின்படிவமாக்கி, ஆய்வாளருக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் திறந்துவிட வேண்டும். இருக்கை, கல்லறை, நிர்வாகப் பதவி ஆகிய மூன்றிலும் சாதியின் வரலாற்றைச் சபையே ஆய்வுசெய்து வெளியிட வேண்டும். ஆலயத்தின் நூற்றாண்டு மலரிலும் கல்வெட்டிலும், நன்கொடையாளர் பெயரோடு, சுவர் எழுப்பியவர்களின் கைக்கும் ஒதுக்கப்பட்டவர்களின் மரபுக்கும் இடம் தர வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் ஊர்த் தேவாலயத்தின் இருக்கை வரைபடத்தையும் கல்லறை வரைபடத்தையும் வரையுங்கள். முதியோரிடம் கேட்டு, யார் எங்கே அமர்ந்தார், யார் எந்த வாசலில் நுழைந்தார் என்று பெயரும் ஆண்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களின் வாக்குமூலத்தைக் கையொப்பத்தோடு எழுதி வையுங்கள். இன்று அது வரலாற்றுக் குறிப்பு. நாளை நீதிமன்றத்தில் அது சான்றாவணம்.

பாஸ்டனில் ஒரு சாக்லேட் கடையின் பெயரை மாற்ற, சுமார் 280 ஆண்டுகள் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. நம் முதியோரின் நினைவு அத்தனை காலம் காத்திருக்காது. மேல்மாடத்திலும் பின்வரிசையிலும் அமர்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதத் தொடங்குவோம்.